கழற்றி வைத்த கண்ணாடி

எனக்குக் கண் தெரியாது. பிறந்ததிலிருந்தே தெரியாது. அதில் எனக்குப் பெரிய வருத்தம் எதுவும் கிடையாது. இருந்த ஒன்று போனால்தானே வருத்தம். அந்த வருத்தத்தையெல்லாம் என் தம்பி சுகுமாறன் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டான். நாலு பேர் கூடிய இடத்தில் "எங்கக்காவுக்குக் கண்ணு தெரியாது" என்று சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்துவான் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செத்த வீட்டில் பேசுகிற குரல் அது.

என் பெயர் வெள்ளையம்மா. ஜொகூரில், பெக்கோக் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பிறந்தவள். கண் தெரியாதவர்களுக்கான பள்ளியில் மசாஜ் படித்தேன். இப்போது உலு திராமில் ஒரு கடைவீட்டின் பின்னறையில் பெண்களுக்கு மட்டும் மசாஜ் செய்கிறேன். முன்பக்கம் தேன்மொழியின் சலூன். அவள் முடி வெட்டுகிற இடத்தைத் தாண்டித்தான் என் அறைக்கு வர வேண்டும்.

என்னிடம் வருகிற பெண்கள் என் கைக்காக வருகிறார்கள் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. நான் பார்க்க மாட்டேன் என்பதற்காகவும் வருகிறார்கள். பிள்ளை பெற்று வயிறு தொங்கிப் போனவள் வருவாள். புருஷன் அடித்த தழும்பை முதுகில் வைத்திருப்பவள் வருவாள். "வேற எங்கயும் துணியைக் கழட்ட மனசு வரலக்கா, உங்ககிட்டதான் கூச்சமில்லாம படுக்க முடியுது" என்று பலபேர் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டு நான் கோபித்துக்கொண்டது கிடையாது. இந்தத் தொழிலில் எனக்குக் கண் இல்லாததுதான் முதல் போட்ட மாதிரி.

சத்தியபாமா டீச்சரும் அப்படித்தான் வந்தார். ஜொகூர் பாருவில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். சிலோன்காரர், வாயைத் திறந்ததுமே தெரிந்துவிடும். புற்றுநோய் வந்து இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்துத் தோள் அடிக்கடி இறுகிப் போகும், கை வீங்கும். டாக்டரே நீவிவிடச் சொல்லியிருந்தார். முதல் நாள் வந்தவுடன் கதவைச் சாத்திவிட்டு விளக்கை அணைத்தார். எனக்கு இருட்டும் தெரியாது வெளிச்சமும் தெரியாது. ஆனால் என் அறைச் சுவிட்சின் சத்தம் நன்றாகத் தெரியும்.

"எனக்காக அணைக்க வேணாம் டீச்சர். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்," என்றேன்.

"உமக்காக இல்லை. என்ர கண்ணில படக் கூடாதெண்டு நிப்பாட்டுறன்," என்றார். பிறகு படுத்துக்கொண்டே சொன்னார். "இதை என்ர மனுசனுக்கே நான் காட்டேல்லை."

அதற்கப்புறம் அவர் தவறாமல் வந்தார். ஒவ்வொரு முறையும் முதலில் கதவுச் சத்தம், அடுத்து சுவிட்சுச் சத்தம். அந்தத் தழும்பு எங்கே ஆரம்பித்து அக்குளில் எங்கே போய் முடிகிறது என்று உலகத்தில் தெரிந்தது என் விரலுக்கும் அறுத்த டாக்டருக்கும் மட்டும்தான். அதை நான் தேன்மொழியிடம் கூடச் சொன்னதில்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் நான் லோங்காங்கில் விழுந்தேன். கடைக்கு வெளியே சாக்கடையின் இரும்பு மூடியை எவனோ திருடிக்கொண்டு போய் விற்றுவிட்டான். எனக்குக் கணுக்காலில் சுளுக்கு, முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். கண் நன்றாகத் தெரிகிற சீனக் கிழவர் ஒருவரும் அதே வாரம் அதே ஓட்டையில் விழுந்தார். அவரிடம் போய் யாரும் கடையை மூடிவிட்டு வீட்டோடு கிட என்று சொல்லவில்லை.

என்னிடம் சொன்னான் சுகுமாறன். அவன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். பாசிர் கூடாங்கில் வீடு. விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய், பொழுது சாய்ந்து திரும்புகிறவன். அந்த அலுப்பையெல்லாம் யார் மேலாவது இறக்க வேண்டுமே. நான் கிடைத்தேன்.

"கடையை மூடிடு அக்கா. எங்க வீட்டுக்கு வந்துரு. ரூம் இருக்கு. டிவி இருக்கு. சாந்தினி சமைச்சுப் போடுவா."

"எனக்கு எதுக்குடா டிவி?"

"கேக்கலாம்ல."

"நான் வரல. என் கடை எனக்குப் போதும்."

"உன் கடையா? கடை யார் பேர்ல இருக்குன்னு ஞாபகம் வச்சுக்கிட்டுப் பேசு."

அது உண்மைதான். கடை பிடித்தபோது கட்டடத்து முதலாளி கண் தெரியாத பெண்ணோடு அக்ரிமெண்ட் போட மாட்டேன் என்றார். தம்பி கையெழுத்துப் போட்டான். வாடகை நான் கட்டுகிறேன், பெயர் அவனுடையது. அவன் நினைத்தால் நாளைக்கே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அந்த வீட்டில் இருந்து பார்க்காதவளா நான்? கணுக்கால் ஆறும்வரை அங்கேதான் இருந்தேன். என் தம்பி பெண்சாதி சாந்தினி மீனில் முள் எடுத்துவிட்டுத்தான் என் தட்டில் வைப்பாள். நான் தே, டீதான், கலக்கப் போனால் "சுட்டுக்குவீங்க அண்ணி" என்று கரண்டியைப் பிடுங்கிவிடுவாள். யாராவது வந்து என்னைப் பற்றி விசாரித்தால் என் எதிரிலேயே அவளிடம்தான் விசாரிப்பார்கள். அவளும் "ம், நல்லா இருக்காங்க, நல்லா சாப்பிடறாங்க" என்பாள், பூனைக்குட்டியைப் பற்றிச் சொல்கிற மாதிரி. கெட்டவள் இல்லை. ஆனால் அந்த வீட்டில் இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால் என் கை இரண்டும் எதற்கும் உதவாமல் போயிருக்கும்.

நான் வர மாட்டேன் என்று பிடிவாதமாக நிற்கவும், ஒரு ஞாயிற்றுக்கிழமை சுகுமாறன் அந்தக் கண்ணாடியை வாங்கிக்கொண்டு வந்தான். சிங்கப்பூரில் வாங்கினானாம். முகத்தில் மாட்டிக்கொண்டால் எதிரே இருப்பதையெல்லாம் காதில் சொல்லுமாம்.

"ஒண்ணு இதைப் போடு, இல்லன்னா எங்க வீட்டுக்கு வா," என்றான்.

"நான் என்ன மாடா, மூக்கணாங்கயிறு மாட்டறதுக்கு?"

சாந்தினி பக்கத்தில்தான் நின்றாள். "நான் அப்பவே சொன்னேன்ல. அண்ணிக்குப் புதுசா எதுவும் ஒத்துக்காது. இவங்க மாதிரி ஆளுங்க பழகினதை விட மாட்டாங்கன்னு கடைக்காரனே சொன்னானாம்."

"என்னை மாதிரி ஆளுங்கன்னா எந்த மாதிரி?" என்று கேட்டேன்.

புதுசு பிடிக்காதவளா நான்? என் ஃபோன் பேசும். அதில்தான் காசு வாங்குகிறேன், அதில்தான் கிராப் கார் கூப்பிடுகிறேன். அது பேசுகிற வேகத்தைக் கேட்டுத் தேன்மொழி, "என்னக்கா இது, வேகமா ஓட விட்ட டேப்பு மாதிரி இருக்கு" என்று காதைப் பொத்திக்கொள்வாள். எனக்கு அந்தக் கண்ணாடி மேல் பகை ஒன்றுமில்லை. அதை நீட்டிய கை மேல்தான் பகை. ஆனாலும் கடை வேண்டுமே. வாங்கி மாட்டிக்கொண்டேன்.

எல்லாவற்றையும் அவனே தன் ஃபோனில் தட்டிச் சரிபண்ணினான். "சுவிட்சு கிவிட்சு எதையும் தொடாத. நான் எல்லாம் செட் பண்ணிட்டேன். கழட்டி வச்சா அது தானா தூங்கிடும்," என்றான். நானும் சரி என்றேன்.

நான் அதற்கு வாயாடி என்று பெயர் வைத்தேன். அதற்குத் தமிழ் வராது, இங்கிலீஷில் பேசும். முதல் நாள் சலூன் வழியாக நடந்தபோது "ஒரு நடுத்தர வயதுப் பெண் நிற்கிறாள், கோபமாக இருக்கிறாள்" என்றது. யாரைச் சொல்கிறது என்று தேன்மொழியிடம் கேட்டேன். "சுவத்துல நிலைக்கண்ணாடி இருக்குக்கா. அது உங்களைத்தான் சொல்லுது," என்று சொல்லி அவள் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

ஆனால் போகப் போக எனக்கு அது பிடித்துப்போனது. இதை அப்போது சுகுமாறனிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வான். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் வாசனையிலேயே எனக்குத் தெரியும். மருந்து அட்டைக்கு ஏது வாசனை? வாயாடி படித்துக் காட்டும். பால் எந்தத் தேதியோடு கெட்டுப்போகும் என்று சொல்லும். சாக்கடை மூடி இருக்கிறதா இல்லையா என்றும் சொல்லும். ஒருநாள் சாப்பிடப் போன மாமாக் கடையில், பக்கத்து மேசை ஆள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று சொன்னது. அந்தப் பக்கம் திரும்பி "என்ன வேணும்?" என்று மலாயில் கேட்டேன். நாற்காலியை இழுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். எனக்கு அன்றைக்குப் பூராவும் சந்தோஷம்.

வாடிக்கைக்காரர்கள் வரும்போது மட்டும் நான் அதைப் போட்டுக்கொள்வதில்லை. அது நானே வைத்துக்கொண்ட சட்டம். என்னை நம்பித் துணியைக் கழற்றுகிறவர்கள் எதிரில் அதை மாட்டிக்கொண்டு நிற்கலாமா? கதவைத் தட்டும் சத்தம் கேட்டவுடன் கழற்றி, சுவரில் எண்ணெய்ப் போத்தல் வைக்கிற தட்டில், முன்கம்பிக்குப் பின்னால் அதன் இரண்டு காதும் மாட்டுகிற மாதிரி வைத்துவிடுவேன். அப்படி வைத்தால்தான் கீழே விழாது.

கண்ணாடி முகத்தில் இருந்தால்தான் பார்க்கும் என்று நான் நினைத்திருந்தேன். வேறு எப்படி நினைப்பேன்? கண் தெரிந்தவர்கள் கண்ணாடியைக் கழற்றி எங்கேயோ வைத்துவிட்டு, "ஐயோ ஒண்ணும் தெரியலயே" என்று மேசை மேசையாகத் தடவுவதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். கழற்றிய கண்ணாடி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று யோசிக்க வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. அது கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் சீனி விஷயம் வந்தது. சுகுமாறன் ஃபோன் போட்டு, "டாக்டர் சீனியைக் குறைக்கச் சொன்னாருல்ல. தேயில அள்ளி அள்ளிக் கொட்டற?" என்று அதட்டினான். என் அறையில் நான் தனியாகக் கலக்கிக் குடிக்கிற தே அது. தேன்மொழிதான் கோள் மூட்டியிருக்கிறாள் என்று நினைத்து அவளைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டேன். "என் சீனியைக் காவல் காக்கத்தான் முன்னாடி உக்காந்திருக்கியா?" என்றேன். அவள் தன் மேல் தப்பில்லை என்று சொல்லிப் பார்த்துவிட்டு, என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அதே வாரம் சத்தியபாமா டீச்சர் வந்தார். வழக்கம்போலக் கதவுச் சத்தம், சுவிட்சுச் சத்தம். குப்புறப் படுத்திருக்கும்போது முதுகை முடித்தேன். திரும்பிப் படுத்தார். இடது தோளிலிருந்து கைப்பக்கமாக நீவிக்கொண்டு வந்தேன். திடீரென்று அவர் உடம்பு என் கைக்குக் கீழே மரக்கட்டை மாதிரி இறுகியது.

"அந்தத் தட்டில பச்சையா ஒரு வெளிச்சம் தெரியுது. என்ன அது?"

"எங்க டீச்சர்?"

"எண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில. இப்பதான் பத்தினது."

"கண்ணாடி டீச்சர். என் தம்பி வாங்கிக் கொடுத்தது. எதிர்ல இருக்கறதைப் பார்த்துச் சொல்லும்."

"அப்ப கமெரா இருக்கு."

"இருக்கு. ஆனா இப்ப தூங்கிட்டிருக்கு டீச்சர். கழட்டி வச்சா தூங்கிடும்."

"நித்திரை கொள்ளுற சாமானுக்கு ஏன் வெளிச்சம்?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். எண்ணெயைத் துடைக்கக்கூட இல்லை. ஈரத் தோலில் துணி ஒட்டி இழுபடுகிற சத்தம் கேட்டது. நான் கையை நீட்டினேன். தட்டிவிட்டார்.

"நான் ஏன் உம்மட்ட வாறனெண்டு உமக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு இதை இங்க வச்சிருக்கிறீர்."

"டீச்சர், சத்தியமா எனக்கு..."

"சத்தியம் பண்ண வேண்டாம். இனி வரமாட்டன்."

கதவு அறைந்து சாத்தப்பட்டது. அந்த மனுஷி குரலை உயர்த்தி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. எண்ணெய்க் கையோடு அப்படியே நின்றேன்.

கண்ணாடியை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனேன். தேன்மொழி என்னோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அப்போது யாருக்கு ஞாபகம்? "இதுல வெளிச்சம் ஏதாவது எரியுதா பாரு," என்று அவள் கையில் கொடுத்தேன். வேண்டாவெறுப்பாக வாங்கினாள்.

"எதுவும் எரியலையே." புரட்டிப் புரட்டிப் பார்த்தாள் போல. பிறகு, "இருங்க. இப்ப எரியுது. ஓரத்துல பச்சையா," என்றாள்.

அவள் சொல்லி வாய் மூடவில்லை, என் ஃபோன் அடித்தது. சுகுமாறன். அன்றைக்கு அவனுக்கு லீவு, வீட்டில் இருந்தான்.

"அக்கா, கண்ணாடியை எதுக்குத் தேன்மொழிகிட்ட கொடுத்த? அவ பாட்டுக்குக் கீழ போட்டு உடைச்சிடப் போறா."

தேன்மொழிக்கும் அவன் குரல் கேட்டிருக்கிறது. "அலமாக், இது என்னக்கா," என்றாள் மெதுவாக. அப்புறம், "அந்தச் சீனி," என்றாள்.

கண்ணாடியைத் திரும்ப வாங்கிக் கைப்பைக்குள் போட்டு, ஒரு கிராப் காரைப் பிடித்துப் பாசிர் கூடாங் போனேன். என் சீனியை அவன் பார்த்தான் என்பது போகட்டும். என் அறைக்குள் வந்து படுத்த ஒவ்வொரு பெண்ணையும் நான் நினைத்துப் பார்த்துக்கொண்டே போனேன், அவர்கள் முதுகை, வயிற்றை, தழும்பை. முகம் தெரியாத எனக்கு அவர்கள் அப்படித்தான் ஞாபகத்தில் இருக்கிறார்கள்.

சாந்தினிதான் கதவைத் திறந்தாள். "என்ன அண்ணி, சொல்லாம கொள்ளாம? கூப்பிட்டிருந்தா அவரு வந்து கூட்டிட்டு வந்திருப்பாருல்ல," என்று ஆரம்பித்தாள். அவளைத் தாண்டி உள்ளே போனேன். சோபா கிறீச்சிட்ட பக்கம் திரும்பி நின்றேன்.

"என் கண்ணாடி வழியா நீ எவ்வளவு நாளா பாக்கற?"

"அதுல அப்படி ஒரு வசதி இருக்குக்கா. வீட்டு ஆளுங்க பாத்துக்கலாம். சேஃப்டிக்கு. எப்பவாச்சும்தான் திறப்பேன். நீ விழுந்து கிழுந்து கிடக்கறியான்னு."

"என்கிட்ட சொன்னியா?"

"சொன்னா நீ போட்டிருக்கவே மாட்ட."

"அது சரி. இன்னிக்கு மத்தியானம் டீச்சர் படுத்திருந்தப்போ திறந்தியா?"

"ஐயோ, ஒண்ணுமே தெரியலக்கா. ஒரே இருட்டு."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"பாக்காதவனுக்கு இருட்டுன்னு எப்படிடா தெரியும்?" என்றேன்.

அவன் தொண்டையைச் செருமினான். "நான் உன்னைத்தான் பாக்கத் திறந்தேன். இருட்டா இருந்துச்சு. மூடிட்டேன். அவ்வளவுதான்."

"விளக்கை அணைச்சுட்டுப் படுக்கறது டீச்சர் மட்டும்தான். மத்தவங்கெல்லாம் விளக்கைப் போட்டுக்கிட்டுத்தான் படுப்பாங்க. அப்ப?"

"ஆள் தெரிஞ்சா உடனே மூடிடுவேன்."

"ஆள் தெரிஞ்சா," என்றது சாந்தினியின் குரல். அடுப்படியிலிருந்து நடந்து வந்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அந்தக் குரல் என்னை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "போன வாரம் என் தங்கச்சி இடுப்பு வலின்னு அண்ணிகிட்ட போனா. அவ தெரிஞ்சாளா?"

"உடனே மூடிட்டேன்னு சொல்றேன்ல சாந்தினி."

எவர்சில்வர் டம்ளர் ஒன்று தரையில் விழுந்து உருண்டு சுவரில் முட்டியது. தவறி விழுந்ததா, அவள் எறிந்தாளா என்று எனக்குத் தெரியாது. அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. மூச்சு மட்டும் வேகமாக வந்தது.

சுகுமாறனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தப்பு செய்தவனுக்குத்தானே முதலில் வரும். "நல்லதுக்குக் காலம் இல்ல. நாயா பேயா உழைச்சு உனக்கு வாங்கிக் கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். அந்தக் கருமத்தை இப்படிக் கொடு, திருப்பிக் கொடுத்துடறேன். கடைச் சாவியையும் வை. கடை என் பேர்ல இருக்கு."

நான் வாயைத் திறப்பதற்குள் சாந்தினி பேசினாள். "சாவியைத் தொட்டுப் பாருங்க. இப்பவே என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டு நீங்க மூடினது திறந்தது எல்லாத்தையும் சொல்றேன். அவரு வாயால பேசற ஆளு இல்ல, தெரியும்ல."

சோபா மறுபடி கிறீச்சிட்டது. உட்கார்ந்துவிட்டான்.

"நாளைக்கு உங்கக்காகூட முதலாளிகிட்ட போறீங்க. பேரை மாத்திக் கொடுத்துட்டு வர்றீங்க," என்றாள் அவள். என் மேல் பாசம் பொங்கி அவள் இதைச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அப்போது அவனை எங்கேயாவது அடிக்க வேண்டும். கைக்கு எட்டிய இடத்தில் அடித்தாள்.

"கண்ணாடியை அவருகிட்ட விட்டெறிஞ்சுட்டுப் போங்க அண்ணி. உங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று என் பக்கம் திரும்பினாள்.

இரண்டு பேரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். நான் என்ன பைத்தியமா? "கண்ணாடி எனக்கு வேணும்," என்றேன். "எனக்கு மருந்துச் சீட்டைப் படிச்சுக் காட்டுது. சாக்கடை எங்க இருக்குன்னு சொல்லுது. எவன் என்னை முறைக்கறான்னு சொல்லுது. இது மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. இதுக்குள்ள நீ உக்காந்திருக்க பாரு சுகுமாறா, அதுதான் எனக்கு வேணாம். வெளிய வா."

அவன் ஃபோனை சாந்தினி பிடுங்கினாள். அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். "எடுத்தாச்சு அண்ணி. அவரு பேரு இல்ல," என்றாள். அவர்கள் இரண்டு பேர் பேச்சையும் நான் நம்புவதாக இல்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

"ஃபோனை என் மூஞ்சிக்கு நேரா பிடி."

பிடித்தாள். வாயாடி நிதானமாக, இங்கிலீஷில், திரையில் இருந்ததைப் படித்தது. இந்தக் கண்ணாடியோடு குடும்பத்தினர் யாரும் இணைக்கப்படவில்லை என்றது. இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். பிறகு கிளம்பினேன். வாசல்வரை யாரும் வரவில்லை. அதுவரைக்கும் அந்த வீட்டில் என்னை யாரும் கையைப் பிடிக்காமல் வெளியே அனுப்பியது கிடையாது.

முதலாளி முரண்டு பிடித்துப் பார்த்தார். தேன்மொழி எனக்காக ஜாமீன் நின்றாள். சீனிக்காக அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டிருந்தேன். கடை இப்போது என் பெயரில் இருக்கிறது.

ஆனால் அதோடு தீரவில்லை. என்னிடம் வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் நடந்ததைச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. தெரியாது என்பதற்காக மறைத்தால் எனக்கும் சுகுமாறனுக்கும் என்ன வித்தியாசம்? ஒருத்தி என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். ஒருத்தி நான் சொல்லி முடிப்பதற்குள் கைப்பையை எடுத்துக்கொண்டு போனாள். சாந்தினியின் தங்கச்சி வருவதே இல்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. எல்லாக் கோபமும் தம்பி மேல்தான். அவன் ஃபோனை நான் எடுப்பதில்லை.

சத்தியபாமா டீச்சருக்கு எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. கடைசியில் குரல் பதிந்து அனுப்பினேன். "டீச்சர், நான் வெள்ளையம்மா. அன்னிக்கு அந்த வெளிச்சம் எரிஞ்சது என் தம்பி திறந்ததால. இருட்டுல ஒண்ணும் தெரியலன்னு சொல்றான். அதை நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். அவனை அதுலேருந்து எடுத்தாச்சு. வாடிக்கைக்காரங்க வந்தா இனிமே கண்ணாடி அறைக்குள்ள வராது, தேன்மொழி மேசைக்குள்ள பூட்டி வச்சிடறேன். உங்க கையை யாராவது நீவி விடறாங்களா?" பதில் வரவில்லை.

தைப்பூசம் போய், சீனப் பெருநாள் போய், நோன்பு மாதமும் வந்துவிட்டது. ஒரு மத்தியானம் என் அறைக் கதவு தட்டப்பட்டது. எண்ணெய்த் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்த நடையைக் கேட்டவுடன் யார் என்று தெரிந்துவிட்டது.

"உம்மை நம்பி நான் வரேல்லை," என்றார் டீச்சர். "கை தூக்க ஏலாமக் கிடக்கு. வேற ஒருத்தரிட்டயும் போக மனமில்லை. அதால வந்தனான்."

"சரி டீச்சர்."

"எங்க அது?"

"தேன்மொழி மேசையில. வரும்போது கேட்டிருப்பீங்களே."

"கேட்டனான்."

கேட்டும் அவருக்குப் போதவில்லை. கதவைச் சாத்தினார், சுவிட்சைத் தட்டினார். படுக்கவில்லை. அவர் கை தட்டு முழுவதும் போனது. போத்தல் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டது. கம்பிக்குப் பின்னால் தடவினார். மூடிக் கிடந்த ஜன்னலின் விளிம்பு, கட்டிலுக்கு அடியில், கதவுக் கொக்கியில் தொங்கிய என் கைப்பை, எல்லாவற்றையும் தடவினார். இருட்டில் பொருள் தேடிப் பழக்கமில்லாத கை அது, எல்லாவற்றிலும் மோதியது. பிறகு என் எதிரே வந்து நின்றார். சொல்லாமல் கொள்ளாமல் என் முகத்தில் கை வைத்தார்.

நெற்றியிலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூடிய இமை, மூக்குத்தண்டு, இரண்டு காதுக்கும் பின்னால். வீங்கியிருந்த இடது கையைத் தூக்க முடியாமல் தூக்கி, இரண்டு கையாலும் தேடினார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. யார் இவர் என்னைச் சோதனை போட? கையைத் தட்டிவிட என் கை எழுந்தது. அவர் விரல் நடுங்கிக்கொண்டிருந்தது. நான் கையைக் கீழே இறக்கினேன்.

"சரி," என்றார். கட்டில் கிறீச்சிட்டது.

இப்போதும் அவர் தவறாமல் வருகிறார். நலம் விசாரிப்பதில்லை, பழையபடி பேசுவதில்லை. கதவுச் சத்தம், சுவிட்சுச் சத்தம், அதன்பின் என் முகத்தில் அவர் கை. ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம் வருகிறது. ஒவ்வொரு தடவையும் அவர் தடவி முடிக்கும்வரை நின்றுகொண்டிருக்கிறேன்.